உறை ஊற்றாத தயிர்

ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்துநான்கு.

குரு, பாக்கியம் சிஸ்டர். கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர். மடத்தை ஒட்டியிருந்த பெண்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தார். சீடர், பால்வண்ணன். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் அவரும் அதே வேதியியலைத்தான் தலை நரைக்கும்வரை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பணி ஓய்வுக்குள் முனைவர் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று ஆசை வந்து, சனி ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து சிஸ்டரின் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடுவார்.

அவர் "சிஸ்டர்" என்பார். சிஸ்டர் "சார்" என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் குரு, யார் சீடர் என்று குழம்பும். காபி வரும்போது தெரிந்துவிடும். சீடர் எழுந்து நின்று வாங்குவார்.

பால்வண்ணன் ஒரு பொடி செய்திருந்தார். ஊர் ரைஸ்மில்லில் கொட்டிக் கிடக்கும் உமியை எரித்துச் சாம்பலாக்கி, அதில் கொஞ்சம் நிக்கலை ஏற்றிய கறுப்புப் பொடி. அதற்கு என்ன வேலை என்றால், கல்யாணத் தரகர் வேலை. இரண்டு சரக்குகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சும்மா சுடவைத்தால் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். நடுவில் ஓர் உலோகம் புகுந்து இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்துவிட்டு, தான் விலகிக்கொள்ளும். வினையூக்கி என்று அதற்குப் பேர்.

மருந்துக் கம்பெனிகளில் இந்த வேலைக்குப் பல்லேடியம் என்ற உலோகத்தை வைத்திருப்பார்கள். தங்கத்தோடு போட்டிபோடும் விலை. கூடவே மூக்கைப் பொத்த வைக்கும் திரவங்கள். எல்லாம் கடைசியில் ஏதோ ஓர் ஓடைக்குத்தான் போய்ச் சேரும். பால்வண்ணனின் பொடி அப்படியில்லை. வெறும் தண்ணீரில் வேலை செய்தது. முடிந்ததும் வடிகட்டி, கழுவி, காயவைத்து, மறுபடி போடலாம். எட்டுத் தடவை அதே பொடியைப் போட்டார். எட்டுத் தடவையும், சேர வேண்டிய சரக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சேர்ந்து வந்தது.

பொடிக்குத் தன் பேரையே வைத்தார். பி.வி. ஒன்று.

"இரண்டு எப்ப சார் வரும்?" என்று சிஸ்டர் கேட்டார்.

"ஒண்ணே போதும் சிஸ்டர்" என்றார் பால்வண்ணன்.

குடுவைக்குள் எல்லாவற்றையும் கலக்கிக்கொண்டே இருக்க, வெள்ளை உறை போட்ட சின்னக் காந்தம் ஒன்று உண்டு. சுண்டுவிரலில் பாதி இருக்கும். அடியில் உள்ள கருவியைத் திருகினால் குடுவைக்குள் அது சுற்றும். முதல்முதலாக வெற்றி வந்த அன்று எந்தக் காந்தம் கையில் சிக்கியதோ, அதையே எட்டுத் தடவையும் போட்டார் பால்வண்ணன். ராசியான காந்தம். சின்னக் குங்குமச் சிமிழில் வைத்திருந்தார். வேறு யாரும் தொடக் கூடாது.

ஆய்வேட்டையும் கொடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. சென்னையிலிருந்து வரப்போகிற தேர்வாளர் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: ஒன்பதாவது தடவையும் பொடி வேலை செய்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

"அவ்வளவுதானே" என்று சனிக்கிழமை காலை வந்து உட்கார்ந்தார் பால்வண்ணன். பொடியைப் பட்டர் பேப்பரில் கொட்டி, தராசின்மேல் வைத்து நிறுத்தார். போன் அடித்தது.

"சார், அச்சாபீஸ் மாடசாமி பேசுதேன். முனைவர்னு போட்டு அடிச்சிரலாமா?"

மகள் ஆவுடைச்செல்விக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்திருந்தார்.

"திங்கக்கிழமை சாயந்தரம் சொல்லுதேன்னு சொன்னேன்லா?"

"முகூர்த்த மாசம் சார். திங்கக்கிழமைன்னா உங்களுக்கு முன்னால ஊரே வரிசையில நிக்கும். பெறவு என்னைச் சொல்லக் கூடாது."

"சம்பந்தி பேருக்கு முன்னால என்ன போட்டிருக்கு?"

"டாக்டர்னு போட்டிருக்கு சார். நல்ல தடிச்ச எழுத்து."

"அவரு மாட்டு டாக்டர்வே."

"மாட்டுப் படம் போடச் சொல்லலியே சார் அவரு."

பால்வண்ணனுக்குச் சுருக்கென்றது. அந்தப் பக்கம் டாக்டர் என்று மின்ன, இந்தப் பக்கம் பேர் மொட்டையாக நிற்பதா? பெண்ணைப் பெற்றவன் வேதியியலில் ஒரு பொடியே கண்டுபிடித்தவன் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

"நாளைக்கு ஒரு நாள் பொறு. முனைவர்தான். சம்பந்தி எழுத்தைவிட ஒரு நூல் பெருசா வரணும்."

போனை வைத்துவிட்டு, அந்த வேகத்திலேயே குடுவையில் தண்ணீரை ஊற்றினார், இரண்டு சரக்குகளையும் போட்டார், ராசியான காந்தத்தைப் போட்டார், சூட்டை ஏற்றினார். காந்தம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே, மேடையில் மாலையோடு நிற்கும் தன்னை ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டார்.

மத்தியானம் தாண்டி, சூட்டோடு சூடாக வடிதாளில் ஊற்றினார். பொடி மேலே தங்க வேண்டும். தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது.

திரும்பிப் பார்த்தார். தராசின்மேல் பட்டர் பேப்பர். அதில் பி.வி. ஒன்று, வைத்தது வைத்தபடி.

"அட கூறுகெட்ட மாடசாமி" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒரு நாள் போச்சு. சரி, நாளைக்குச் செய்யலாம். வடித்த தண்ணீரை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

வந்து பார்த்தால், ஆறிய தண்ணீருக்குள் வெள்ளைப் படிகம் கொத்துக் கொத்தாக இறங்கியிருந்தது.

வடிகட்டினார், காயவைத்தார், நிறுத்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு.

தரகரே வராமல் கல்யாணம் முடிந்திருந்தது.

அன்று அவர் ஊருக்குப் போகவில்லை. தெரிந்தவர் வீட்டில் தங்கி, ஞாயிறு விடிந்ததும் வந்து, வேண்டுமென்றே பொடி போடாமல் மறுபடி செய்தார். கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். வரக் கூடாது, வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். ஆய்வுக்கூடத்தில் ஒருவர் அப்படி வேண்டிக்கொண்டது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

வந்தது. தொண்ணூற்றிரண்டு.

பாக்கியம் சிஸ்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ன சார், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே? நான் பூசைக்குப் போகும்போதும் லைட் எரிஞ்சுது."

பால்வண்ணன் எழுந்து நின்றார். சுற்றி வளைத்தார்.

"சிஸ்டர், ஒரு சந்தேகம். வினையூக்கியே இல்லாம வேலை நடந்தா, அதை என்னன்னு எடுத்துக்கிடணும்?"

சிஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த படிகத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா சார்?"

"இல்ல சிஸ்டர், நான் கேட்டது என்னன்னா..."

"முதல்ல சாப்பிடுங்க."

மடத்து வரவேற்பறையில் இலை போட்டார்கள். சாம்பார் சாதம் முடிந்து, சிஸ்டரே ஒரு மண்சட்டியோடு வந்து தயிர் விட்டார். கரண்டியால் வெட்டி எடுக்கும்படி கெட்டித் தயிர். வருத்தத்திலும் பால்வண்ணனுக்கு அது ருசித்தது. இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

"தயிர் எப்படி சார்?"

"அருமை சிஸ்டர். ஒரு சொட்டுப் புளிப்பு இல்ல."

"இதுக்கு நான் உறை ஊத்தல."

பால்வண்ணனின் கை பாதி வழியில் நின்றது. "என்னது?"

"பாலைக் காய்ச்சி, ஆறவச்சு, சட்டியில ஊத்தி மூடினேன். உறைமோர் ஒரு துளி விடல."

"ஜெபம் பண்ணினீங்களா?"

"தினமும் பண்றேன். தயிருக்காகப் பண்ணல."

"பெறவு எப்படி சிஸ்டர் உறைஞ்சுது?"

"சட்டியைக் கழுவல சார்."

பால்வண்ணன் சிரித்தார். இது பெரிய விஷயமா, பழைய தயிர் ஒட்டிக்கொண்டிருக்கும், அது போதாதா என்று சொல்லிக்கொண்டே ஒரு வாய் வைத்தார். வைத்த வாய் மெல்லவில்லை. கண் மெதுவாக விரிந்தது.

"நேத்தே பார்த்துட்டீங்களா சிஸ்டர்?"

"பூட்ட வந்தேன். தராசுமேல பொட்டலம் இருந்துச்சு. தட்டுல படிகம் இருந்துச்சு."

"அப்பவே போன்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"நீங்க வந்து கேப்பீங்கன்னு பால் காய்ச்சினேன்."

எச்சில் கையோடு எழுந்து ஓடினார் பால்வண்ணன். அந்த வயதில், அந்த வயிற்றோடு அவர் ஓடியதை மடத்து நாய்கூட எழுந்து நின்று பார்த்தது. சிஸ்டர் பின்னாலேயே ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தார்.

"கையைக் கழுவுங்க முதல்ல."

கழுவிக்கொண்டே கேட்டார் பால்வண்ணன். "குடுவையா சிஸ்டர்? குடுவையை ஆசிட் விட்டுல்லா கழுவுதேன்!"

"சரி."

"மூடி? அதையும் கழுவுதேன். புனல் புதுசு. வெப்பமானியும் கழுவுதேன்."

"கழுவாதது எது சார்?"

பால்வண்ணனின் கண் தானாகக் குங்குமச் சிமிழின் பக்கம் போனது.

"காந்தத்தைக் கழுவ மாட்டீங்களா?"

"தண்ணில அலசி, துணியால தொடைப்பேன்."

"ஆசிட்?"

"ஆசிட்ல போட்டா..." பால்வண்ணன் குரல் உள்ளே போனது. "ராசி போயிருமேன்னு."

சிஸ்டர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டில் முக்காட்டை இழுத்து வாயை மறைத்துக்கொண்டார். பிறகு உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

வெள்ளை உறையில் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள். கீறலுக்குள் எல்லாம் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது.

"இது ஜான்சி விட்டுட்டுப் போன காந்தம் சார். உங்களுக்கு முன்னால இங்க ஆராய்ச்சி பண்ணின பொண்ணு. இங்க இருந்தவரைக்கும் அவ வேலை பார்த்ததெல்லாம் பல்லேடியத்துலதான்."

"இத்தனூண்டு அழுக்கா?"

"இத்தனூண்டு போதும்."

"அப்ப எட்டுத் தடவையும் வேலை பார்த்தது..."

"இது."

"என் பொடி?"

"கூட இருந்துச்சு."

பால்வண்ணன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். உடனே எழுந்தார். "இல்ல சிஸ்டர், ஒத்துக்கிட மாட்டேன். பொடி போடாம ஒரு தடவை செஞ்சு பார்த்தேன். ஆய்வேட்டுலகூட எழுதியிருக்கு. ஒரு துளி வரல!"

"எங்க செஞ்சீங்க?"

"எங்க காலேஜ்ல."

"எந்தக் காந்தம்?"

"புதுசு."

"ஏன் சார்?"

"பொடி இல்லாத சோதனை. எப்படியும் தோக்கத்தானே போகுது. அதுக்குப் போயி ராசியான காந்தத்தை எதுக்கு வீணாக்கணும்னு..."

இந்தத் தடவை முக்காடு போதவில்லை. சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டார்.

"மன்னிச்சிருங்க சார். இதை நானும் கேட்டிருக்கணும். எந்தக் காந்தம்னு ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போட்டேன். வழிகாட்டின்னு அதுல என் பேரும் இருக்கு."

பிறகு பால்வண்ணன் மெதுவாக, சிமிழைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு அந்தத் தேர்வாளர் முன்னால இதே காந்தத்தைப் போட்டுச் செஞ்சு காட்டினா, வரும்."

"வரும்."

"பொடியையும் போடத்தான் போறேன். பொய்ன்னும் சொல்ல முடியாது."

"ம்."

"ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாது சார்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். சிஸ்டர் அலமாரியைத் திறந்தார். உறை பிரிக்காத புதுக் காந்தம் ஒன்றையும் புதுக் குடுவை ஒன்றையும் மேஜைமேல் வைத்தார். பட்டர் பேப்பர் பொட்டலத்தை அவற்றின் பக்கத்தில் தள்ளினார்.

"இப்படியும் ஒரு தடவை பார்த்துருங்க. நான் செபமாலை முடிச்சிட்டு வரேன்."

காந்தம் சுற்றியது. அது புதுசு, பளபளவென்று, எந்த நினைவும் இல்லாமல் சுற்றியது. பால்வண்ணன் மேடையையும் மாலையையும் நினைக்கவில்லை. குடுவையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொடி தண்ணீருக்குள் கறுப்பாக எழும்பி எழும்பி அடங்குவதை இத்தனை நாளில் அன்றுதான் நிதானமாகப் பார்த்தார். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கலங்கவில்லை. கொஞ்சம் அடியில் கட்டி தட்டி நின்றது.

வடிகட்டினார். தாளில் பொடி தங்கியது. வடித்த தண்ணீர் ஆறியது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, வேண்டா வெறுப்பாக வருகிற விருந்தாளி மாதிரி, அடியில் கொஞ்சம் வெள்ளை.

சுரண்டி எடுத்து நிறுத்தார். நூற்றுக்குப் பதினொன்று.

போன் அடித்தது.

"சார், மாடசாமி. பேப்பர் மாட்டியாச்சு. ஓட்டட்டா?"

மேஜைமேல் இரண்டு தட்டுகள். ஒன்றில் காலையில் வந்தது, அரிசி மாதிரிக் குவிந்து கிடந்தது. இன்னொன்றில் ஒரு சிட்டிகை உப்பு மாதிரி. பால்வண்ணன் இதையும் அதையும் பார்த்தார்.

"முனைவரை எடுத்துரு மாடசாமி."

"சார்?"

"எடுத்துரு."

"எடுத்தா அந்த இடம் பள்ளமாத் தெரியுமே சார். சம்பந்தி பக்கம் தடிச்ச எழுத்தா இருக்கு. உயர்திரு போடட்டா?"

"ஒண்ணும் வேண்டாம். சு. பால்வண்ணன். அவ்வளவுதான்."

"எம்.எஸ்ஸி.யாவது போடட்டா சார்?"

பால்வண்ணன் யோசித்தார்.

"அது வாங்கினதுதான். போடு. பேருக்குப் பின்னால, சின்னதா."

போனை வைத்தபோது சிஸ்டர் வாசலில் நின்றிருந்தார். கையில் செபமாலை. எவ்வளவு கேட்டாரோ தெரியாது.

"எவ்வளவு வந்துச்சு சார்?"

பால்வண்ணன் சின்னத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "பதினொண்ணு."

சிஸ்டர் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நல்ல வெள்ளையா இருக்கே."

"கேலி பண்ணாதீங்க சிஸ்டர். நாளைக்கு அவர் முன்னால போய் நின்னு, ஆய்வேட்டைத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கணும். இத்தனை வயசுக்கு மேல."

"ரெண்டு பேரும் சேர்ந்தே கேப்போம்."

"பெறவு? முதல்லேர்ந்தா? இந்தப் பதினொண்ணை வச்சுக்கிட்டு என்ன செய்ய?" பால்வண்ணன் பொட்டலத்தை எரிச்சலோடு எடுத்தார். விரலில் கொஞ்சம் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "மில்லுல எரிச்ச உமியை வாங்கியிருக்கக் கூடாது. அந்தச் சூட்டுக்குச் சாம்பல்ல உள்ள துளைக் கண்ணெல்லாம் அடைஞ்சு போயிருக்கும். நிக்கல் எங்க போய் உக்காரும்? நம்மளே மெதுவா எரிச்சா... இல்ல, எரிக்கதுக்கு முன்னாலயே கழுவணுமோ? உமியில உப்புச் சத்து இருக்கும்லா. அது நிக்கலை ஒட்ட விடாது. ஆமா, அதான் அடியில கட்டி தட்டுது..."

பேசிக்கொண்டே சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். ஒரு வட்டம் போட்டார். அதற்குள் சின்னச் சின்னக் குழி போட்டார். ஒரு குழியை அழித்தார். அதைப் பெரிதாகப் போட்டார். பின்னால் சத்தமே இல்லை என்று கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. திரும்பினார்.

சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சிஸ்டர்?"

"ஒண்ணுமில்ல சார். தொண்ணூறுக்கு மேல வந்துக்கிட்டிருந்தப்ப, இந்தப் பொடிகிட்ட ஒரு கேள்வியாவது கேட்டிருக்கீங்களா?"

பால்வண்ணனின் கையிலேயே சுண்ணக்கட்டி இருந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி, வட்டத்துக்குள் இன்னொரு குழி போட்டார்.